டக் என்று மட்டும் சொன்ன கார்

பிற்பகல் மூன்று மணிக்கே செம்பாக்கத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை.

ஜெனி காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை நிறையச் செவ்வந்திப் பூ. பின்னிருக்கையில் அவள் தம்பி ஜோஸ்வின், மெழுகுவர்த்திப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஐந்து.

அன்று கல்லறைத் திருநாள். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் நான்கு மணிக்கு ஃபாதர் வந்து, ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்வார். எல்லாக் கல்லறைகளிலும் பூவும் மெழுகுவர்த்தியும் இருக்கும்.

அப்பா வில்பிரட் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார்.

டக்.

அது அம்மாவின் கார். பள்ளிக்கரணையில் ஒரு பள்ளியில் அம்மா ஆசிரியையாக இருந்தார். தினமும் இதில்தான் போய் வருவார். அம்மா போன பிறகு, அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிடுவார். கார் ஒரு நாள்கூட கேட்டைத் தாண்டவில்லை. அப்பா எங்கே போனாலும் பைக்கில்தான் போனார்.

எதிர்வீட்டு முனிரத்தினம் குடை பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டி எடுக்கலியா?"

"டக் டக்னு சத்தம் மட்டும்தான் வருது."

"செல்ஃப் மோட்டார் போயிருக்கும் சார். மழைல இப்டித்தான் பேஜார் பண்ணும். தள்ளி ஸ்டார்ட் பண்லாம்னா, தெருவுல கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது. நாளைக்குக் காலைல மெக்கானிக்கைக் கூட்டினு வரேன்."

அவர் போனதும் அப்பா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம் ஜெனிம்மா. வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கலாம். பூவை ஃபிரிட்ஜுல வை."

"ஆட்டோ பாக்கலாமாப்பா?"

"ரெண்டு தடவை புக் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் கேன்சல் பண்ணிட்டாங்க."

ஜெனி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் 'அப்பாடா' என்பதுபோல ஏதோ ஒன்று தெரிந்தது. பரீட்சை தள்ளிப்போனதும் வகுப்பில் சிலர் முகத்தில் தெரியுமே, அந்த மாதிரி.

அப்பாவுக்கு அங்கே போக இஷ்டமில்லையா?

அப்புறம்தான் தோன்றியது. இஷ்டமில்லாமல் இல்லை. அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக. "எல்லா வீட்டுலேருந்தும் வருவாங்க. அம்மாகிட்ட மட்டும் யாரும் வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

அப்பா கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்து மறுபடியும் போட்டார்.

டக்.

"அக்கா!" என்றான் ஜோஸ்வின். "மேல இருக்கிற லைட்டு தூங்கிடுச்சு!"

ஜெனி நிமிர்ந்தாள். காரின் கூரையில் இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"எங்கடா? நல்லாத்தானே எரியுது?"

"இப்ப முழிச்சிடுச்சு. அப்பா டக் பண்ணும்போது தூங்குச்சு."

"அப்பா, இன்னொரு தடவை திருப்புங்க."

டக். விளக்கு சட்டென்று அணைந்தது. அப்பா சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது.

"பாத்தியா?" என்றான் ஜோஸ்வின், அந்த விளக்கை அவனே கண்டுபிடித்ததுபோல.

ஜெனி யோசித்தாள். போன மாதம் ஜோஸ்வினின் ரிமோட் கார் இப்படித்தான் செய்தது. புது பேட்டரி போட்டும் சக்கரம் சுற்றவில்லை. முன்விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே பார்த்தால், பேட்டரி தொடுகிற கம்பியில் பச்சையாகத் துரு. அதைச் சுரண்டியதும் கார் ஓடிப்போய்ச் சோபாவில் முட்டிக்கொண்டது.

"அப்பா, பேட்டரி தீர்ந்திருந்தா லைட்டு முதல்லயே மங்கலாத்தானே எரியணும்?"

"ஆமா."

"மோட்டார் மட்டும் கெட்டுப் போயிருந்தா, லைட்டு எதுக்கு அணையணும்?"

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் இருக்கு. ஆனா நிறைய வேணும்னு கேட்டா வரமாட்டேங்குது. நடுவுல எங்கேயோ அடைச்சிருக்குப்பா. பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாக்கலாமா?"

அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

பானெட்டைத் தூக்கியதும் ஜெனிக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரியின் ஒரு முனையில், ஒயர் மாட்டியிருந்த இடமே தெரியாமல் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது.

"காளான்!" என்று கை நீட்டினான் ஜோஸ்வின்.

"தொடாதே! அது ஆசிட் பொடி, கை எரியும்," என்று அப்பா அவனைப் பின்னால் இழுத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவின் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. சமையலறையிலிருந்து கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்பானரால் இரண்டு ஒயர்களையும் கழற்றினார். ஜெனி ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஊற்றியதும் பொடி நுரைத்துக் கரைந்து ஓடியது. துடைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தார். மங்கிக் கிடந்த ஈயம் பளபளத்தது. குடை பிடித்திருந்த ஜெனியின் கை வலித்தது. ஆனாலும் மாற்றவில்லை.

ஒயர்களை இறுக்கி முடித்தபோது மணி நான்கு அடித்துப் பத்து நிமிடம்.

"ஃபாதர் ஆரம்பிச்சிருப்பார்," என்றார் அப்பா.

"பரவாயில்லப்பா. திருப்புங்க."

இந்த முறை டக் இல்லை. கார் ஒரு தடவை இருமியது. பிறகு உறுமிக்கொண்டு கிளம்பியது. மேலே இருந்த விளக்கு லேசாக மங்கியதோடு சரி.

"தூங்கல!" என்று கத்தினான் ஜோஸ்வின்.

எதிர்வீட்டு ஜன்னலில் முனிரத்தினத்தின் முகம் தெரிந்தது. "அட! எடுத்துக்கிச்சா!" என்றார்.

அப்பா வண்டியை மெதுவாக நகர்த்தினார். தெருத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்தது. கேட்டைத் தாண்டும்போது அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததை ஜெனி கவனித்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ஃபாதர் கிளம்பிவிட்டார். ஆனால் அம்மாவின் கல்லறை ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. மழையின் ஈரமா, தீர்த்தமா என்று தெரியவில்லை.

"எல்லாத்துக்கும் தெளிச்சாரு சார். இதுக்கும் தெளிச்சாரு," என்று பக்கத்துக் கல்லறையில் நின்ற பெண் சொன்னார்.

ஜெனி செவ்வந்திப் பூக்களை வரிசையாக அடுக்கினாள். அப்பா மெழுகுவர்த்தி ஏற்றினார். தூறலில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். அதுவும் அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றியபோது, ஜெனி சட்டென்று குடையை அதன் மேல் சாய்த்தாள். சுடர் ஆடிவிட்டு நின்றது.

அப்பா நனைந்துகொண்டே நின்றார். கல்லில் எழுதியிருந்த 'மெட்டில்டா' என்ற பெயரையே பார்த்தார்.

ஜோஸ்வின் கல்லின் பக்கத்தில் குனிந்தான். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னான்.

"அம்மா! உன் கார்ல காளான் மொளைச்சிடுச்சும்மா! அக்கா சரி பண்ணிட்டா!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. அப்பா அழுது பிள்ளைகள் இருவரும் பார்த்ததே இல்லை.

சுடருக்கும் மறைப்பு இருக்கும்படி, அப்பாவின் தலைக்கும் எட்டும்படி, ஜெனி குதிகாலை உயர்த்திக் குடையைப் பிடித்துக்கொண்டாள்.