பட்டாணி கொண்டுவந்த செருப்பு

அடுக்ககச் சங்கச் செயலாளர் விக்னேஷ் கழிவுநீர்க் குழாயைப் பற்றிப் பேசத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆதிரை "அப்படீங்களா" என்பதையே ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் வந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன வேலை. அவள் நாய் பட்டாணி உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது, சோபாவைத் தொடவில்லை, லிஃப்ட் சத்தத்துக்குக் குரைக்கவில்லை. கழுத்தில் பட்டை மாட்டி வைத்த நாற்பது நாள் சோதனையில் நாய் தேறிவிட்டது என்று அவர் தன் கைப்பலகையில் விரல் வைத்து ஒப்பமும் இட்டாயிற்று. ஆனாலும் மனிதர் எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"எங்க வீட்டு நாய்க்கும் போன வாரந்தான் பட்டை போட்டோமுங்க. வளையம் சம்சாரம் கையில இருக்குது," என்று அடுத்த பேச்சுக்குத் தாவினார்.

"இருந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுத்தான் போகோணும்," என்றாள் ஆதிரை. அப்படித்தானே சொல்ல வேண்டும்.

பட்டாணி எழுந்து வாசலுக்குப் போனது. கதவுக்கு வெளியே விக்னேஷ் கழற்றிவிட்டிருந்த செருப்பில் ஒன்றைக் கவ்வி வந்து அவர் காலடியில் வைத்தது. போய் இன்னொன்றையும் கொண்டுவந்து, இரண்டையும் மூக்கால் தள்ளி ஜோடி சேர்த்து, கால் நுழைக்க வாகாக வாசல் பக்கம் திருப்பி வைத்தது. பிறகு உட்கார்ந்து வாலை ஆட்டியது.

விக்னேஷ் அசந்துபோனார். "மனுசனுக்கே இந்த மரியாதை வராதுங்க," என்று சொல்லிக்கொண்டே, செருப்பு காலடிக்கே வந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கதவைச் சாத்தியதும் ஆதிரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே பட்டாணி அந்த இருபத்து மூன்றாம் தளத்தில் ஒரு வீட்டு வாசல் செருப்பையும் முழுசாக விட்டுவைத்ததில்லை. பதினோரு வருடமாகத் தனியாக வாழ்கிறவளுக்கு நாய் ஒன்றுதான் துணை. அதன் மேல் இரண்டு புகார்கள் பதிவாகியிருந்தன. மூன்றாவது வந்தால் சங்கத்து வண்டி வந்து நாயைக் கொண்டுபோய்விடும். அதற்கு முன்னால் 'மனமறி பட்டை' மாட்டிச் சோதனையில் தேறினால் நாய் வீட்டில் இருக்கலாம், ஆனால் ஆயுசுக்கும் பட்டையோடுதான் இருக்க வேண்டும். காளப்பட்டியில் அப்போது எல்லா அடுக்ககங்களிலும் அதுதான் விதி.

நாயைப் பழக்குவதில் உள்ள சிக்கல் நாயிடம் இல்லை என்று கண்டுபிடித்ததுதான் அந்தப் பட்டையின் பெருமை. "வேண்டாம்" என்று அதட்டுகிறபோதே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "நல்ல பிள்ளை" என்று தடவுகிறபோது மனசு வேறெங்கோ இருக்கிறது. வாய் ஒன்று சொல்ல உடம்பு ஒன்று சொன்னால் நாய் எதைத்தான் கேட்கும்? அதனால் பட்டையைச் செய்தவர்கள் வாயை விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் கையில் 'உணர்வளையம்' என்று ஒரு மெல்லிய வளையம். நாடி, மூச்சு, தோலின் ஈரம் எல்லாவற்றையும் அது கணத்துக்குக் கணம் பட்டைக்குச் சொல்லும். நாய் செய்த ஒரு காரியத்தால் அவர் நெஞ்சு லேசானால் நாயின் காதோரம் சின்னதாக ஒரு சுகம் ஓடும். நெஞ்சு இறுகினால் ஒன்றும் கிடைக்காது. அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. அந்தச் சுகத்துக்காக நாய் தானாகவே தேடித் தேடி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை உங்களுக்கு முன்பே தெரிந்துகொள்ளும்.

செருப்பு வித்தையை ஆதிரை கற்றுக்கொடுக்கவில்லை. பட்டை போட்ட முதல் வாரத்தில் ஒரு நாள், வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி நகருவேனா என்று உட்கார்ந்திருந்தபோது, பட்டாணி பழைய புத்தியில் அவள் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. அவள் பதறி, செருப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆதிரைக்கு அப்பாடா என்றிருந்தது. காதோரம் சுகம் ஓடியிருக்கும். நாய் கணக்குப் போட்டுக்கொண்டது.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவிநாசியில் தினேஷ்குமார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.

தினேஷ்குமார் ஆதிரையின் அப்பா. எழுபத்து நான்கு வயது. பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. இடுப்பு எலும்பு தப்பித்தது, ஆனால் தனியாக விட முடியாது. ஆதிரை நேரில் போய், வாடகை வீட்டைக் காலி செய்து, அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். "இனிமே இதுதானுங்கப்பா உங்க வீடு," என்று வாசலிலேயே சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். வாய் தவறிக்கூட அவர் மனம் நோகும்படி நடந்துவிடக் கூடாது என்கிற பயமும் அவளுக்கு இருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள். ஒரு முறை சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, யாரோ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'வாங்க' என்று சொல்ல மறந்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியவர், பிறகு பதினாறு வருடம் அந்தப் படி ஏறவில்லை. அன்றைக்குத் திரும்ப அவருக்கு ஒரு வீடு இருந்தது. இப்போது இதை விட்டால் வேறு இடம் இல்லை.

பட்டாணி அவரிடம் ஒட்டிக்கொண்டது. அவர் காலடியில்தான் படுக்கை. ஆதிரைக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

ஆனால் பதினோரு வருடம் தனியாக இருந்த வீடு. காலையில் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் பத்து நிமிடம் கேட்கும். அவள் நடமாடுகிற அறையிலேயே விளக்கை அணைத்துக்கொண்டு பின்னால் வருவார். ஓட்டுநர் இல்லாப் பேருந்துகளின் வழித்தடத்தைக் கண்காணிப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே திரையில் மேலதிகாரிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "யாரு கண்ணு அது, மீசை வெச்சவரு?" என்பார்.

அவர் வந்த பத்தொன்பதாம் நாள் காலை அப்படிக் கேட்டபோது, அவிநாசி சாலையில் ஒரு பேருந்து நடுவழியில் நின்றிருந்தது, திரையில் நாலு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லைங்கப்பா, நீங்க உக்காருங்க," என்றாள் தணிவாகத்தான்.

பட்டாணி எழுந்தது. நகம் தரையில் தட்டுகிற சத்தம் வாசல் வரை போய்த் திரும்பியது. அப்பாவின் கட்டைவிரல் வார் வைத்த தோல் செருப்பு, ஒன்றன்பின் ஒன்றாக, அவர் காலடியில் வந்து அமர்ந்தது. வாசல் பக்கம் பார்த்தபடி.

ஆதிரைக்கு அதன் அர்த்தம் புரிந்துவிட்டது. தினேஷ்குமாரோ, "நடக்கக் கூப்புடுதாட்ட இருக்குது," என்று சிரித்து, செருப்பை மாட்டிக்கொண்டு நாயோடு கீழே போய்விட்டார். கதவு சாத்திய பிறகு வந்த அமைதியில் அவள் நெஞ்சு லேசானது. அது லேசாவதை அவளே கவனித்தாள். கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே செருப்பை எடுத்துப் பரணில் போட்டாள். மறுநாள் பட்டாணி அவருடைய கைத்தடியைக் கொண்டுவந்து வைத்தது. தடியை அலமாரியில் பூட்டினாள். மருந்துப் பையைக் கொண்டுவந்தது. வளையத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தது, இன்னும் பத்து நிமிடத்தில் மாட்டாவிட்டால் மூன்றாவது புகாராகப் பதிவாகுமாம். மாட்டிக்கொண்டாள்.

பிறகு மனசைப் பழக்க முயன்றாள். அப்பா சைக்கிளில் தன்னை உட்கார வைத்திருக்கும் பழைய படத்தை மேசையில் வைத்தாள். அவர் கொப்பளிக்கத் தொடங்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து, "என்ற அப்பா, என்ற அப்பா," என்று உள்ளுக்குள் சொன்னாள். எரிச்சல் வந்துவிடுமோ என்று காத்திருந்ததிலேயே நெஞ்சு முன்னைவிட இறுகியது. பட்டாணி ஒரு நாளில் மூன்று முறை எழுந்தது. அவள் அழுதால் அதற்குக் குழப்பமாகி, அவர் துண்டையும் கொண்டுவந்து வைத்தது.

செருப்பையும் தடியையும் அவளே எடுத்துக் கொடுத்து நடக்க அனுப்பிய ஒரு நாள், கீழே பூங்காவில் யாரோ அவருக்குப் பட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் அவர் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாய்க்கு எம்மேல பிரியந்தான் கண்ணு. அது மேல தப்பில்லை," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"நான் அப்படி நெனைக்கலீங்கப்பா."

"நீ சொல்ல மாட்டே சாமி. தெரியும்."

"எங்கீங்கப்பா போவீங்க?"

அவருக்குச் சொல்ல இடம் எதுவும் இல்லை. ஆதிரை பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, பட்டைக் கம்பெனிக்குப் பேசினாள். பட்டையில் ஏதோ கோளாறு, அது சரியாகிற வரைக்கும் மட்டும் இருங்கள் என்று அவரைக் கெஞ்சினாள்.

சாயங்காலம் வந்த பழுதுபார்ப்பவள் ஸ்வேதா, ஐம்பது வயது, நிதானமான பெண். பட்டையைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, வளையத்தையும் சோதித்தாள்.

"கோளாறு ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

"எங்கப்பா இங்க இருக்கோணும்னுதாங்க நான் நெனைக்கிறேன். அப்புறம் எப்படிங்க?"

"இருக்கோணும்னுதானுங்க நெனைப்பீங்க. நடுவுல ஒரு நொடி போனாத் தேவலைன்னும் தோணுமுங்க. தோணிட்டுப் போயிரும், நமக்கே ஞாபகம் இருக்காது. எல்லாருக்கும் வர்றதுதானுங்க. பட்டைக்கு நொடியும் ஒண்ணுதான், வருசமும் ஒண்ணுதான்." எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறாள் போல, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அணைச்சு வெக்கறக்கு விதியில்லீங்க. வேணும்னா வளையத்தை வீட்டுல வேற ஆளு கைக்கு மாத்தித் தர்றேன்."

வீட்டில் வேறு ஆள் ஒருவர்தான் இருந்தார். தினேஷ்குமார் கையை நீட்டினார். "எனக்கே போடு சாமி. என்ற மனசுல ஒளிச்சு வெக்கறக்கு என்ன இருக்குது?"

ஆதிரைக்கு உயிர் வந்தது. அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறென்ன ஆசை இருக்கப் போகிறது? செருப்பைப் பரணிலிருந்து இறக்கி வாசலில் வைத்தாள். இரண்டு நாள் பட்டாணி அசையவில்லை, அவர் காலடியிலேயே தூங்கியது. பால்கனியில் நின்று வெகுநாளைக்குப் பிறகு நிதானமாகத் தேநீர் குடித்தாள். கீழே பூங்காவில் வேலை நாளிலும் நல்ல கூட்டமாக இருந்தது. ஜனங்களுக்கு உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குச் செய்த துரோகத்தையெல்லாம் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது அவளுக்கு. மூன்றாம் நாள் விடுப்பு எடுத்தாள். காலையில் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள், உப்பு போதுமா என்று கேட்டாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள், உயரம் சரியா என்று கேட்டாள். அவர் தன் வாலிப காலத்துக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைத் திரையில் போட்டு, அது எப்படி முடியும் என்று தெரிந்தே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவர். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மின்விசிறி கூட்டி வெக்கட்டுங்களாப்பா?"

"வேண்டாங் கண்ணு."

"காலுக்குத் தைலம் தேச்சு உடட்டுங்களா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

"யாருங்கப்பா அது, இப்ப அடிக்கிறவரு?"

பட்டாணி எழுந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறது என்று நினைத்தாள். நகச் சத்தம் வாசல் வரை போனது. திரும்பி வந்தபோது அதன் வாயில் நீல நிற ரப்பர் செருப்பு ஒன்று இருந்தது. அதை அவள் காலடியில் வைத்தது. போய் இன்னொன்றையும் கொண்டுவந்து, மூக்கால் தள்ளி ஜோடி சேர்த்து, வாசல் பக்கம் திருப்பியது. வாலை ஆட்டியது.

திரையில் யாரோ ஆறு அடித்தார். தினேஷ்குமார் அதைப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த வளையத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் அப்படி நெனைக்கலீங் கண்ணு," என்றார்.

"தெரியுங்கப்பா."

அவளுக்கு நிஜமாகவே தெரியும். அந்த ஒரு நொடி எப்படி வரும், எவ்வளவு சின்னது, எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? தெரிந்தும் வலித்தது. தன் வீட்டில், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதினாறு வருடம் படி ஏறாத மனிதரின் மகள்தானே அவளும்.

"கீழ ஒரு நடை நடந்துட்டு வாரனுங்கப்பா," என்று எழுந்தாள்.

"இரு சாமி, சாப்புட்டுட்டுப் போலாம்," என்றார் அவர் பதறி.

பட்டாணி செருப்பை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளியது.

பூங்காவில் பெஞ்சு எதுவும் காலியாக இல்லை. பதினோரு மணி வெயிலில் ஆணும் பெண்ணுமாக ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சிலர் நடந்தார்கள், பலர் சும்மா உட்கார்ந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் மேலே இருந்து பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. ஒருவர் கையிலும் நாய் இல்லை. மரத்தடி பெஞ்சில் இருந்த விக்னேஷ் அவளைப் பார்த்தார், அவள் செருப்பைப் பார்த்தார், நகர்ந்து இடம் விட்டார். குழாயைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

நாளைக்கு வளையத்தை யார் கையில் போடுவது என்று யோசித்தாள். வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை. இருந்தால் பூங்காவுக்கு மூன்றாவதாக ஒருவர் வருவார், அவ்வளவுதான்.

"நாய் எப்படிங்க இருக்குது?" என்று விக்னேஷ் கேட்டார்.

"ரொம்ப ஒழுக்கமா இருக்குதுங்க."

"எங்களுதும் அப்படித்தானுங்க," என்றார் அவர்.

இருவரும் அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு மாடியில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு குரைப்புச் சத்தம் வரவில்லை.