பேரமும் கொண்டை ஊசி வளைவும்

அந்த ஊரில் குறுக்கு வழி தெரியாத ஆளே கிடையாது. தையல்காரர் காய்கறிக் கடையின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வருவார். கேட்டால், "சுத்திப் போனா கால் வலிக்காதா?" என்பார். காய்கறிக்காரரும் கோபிக்க மாட்டார். அவர் தையல் கடை வழியாகத்தான் பேருந்துக்குப் போவார்.

ஊருக்குள் இது பரவாயில்லை. மலையில்தான் வினையாகிவிட்டது. ஆளாளுக்குச் சரிவில் குறுக்கே இறங்கி, போன மழையில் பாதையே பாதி உடைந்து கீழே போனது. மலையைப் பூட்டிவிட்டார்கள். உச்சியில் பட்டம் விடும் புல்வெளியும் பூட்டோடு போனது.

இப்போது தன்னார்வலர்கள் சேர்ந்து புதுப் பாதை போடுகிறார்கள். போட்ட வரைக்கும் காலை நடைக்கு மட்டும் மலையைத் திறந்துவிடுகிறார்கள். சனிக்கிழமைதோறும் பயிற்சி. பெரியவர்களுக்கு நாலைந்து குழு, சிறுவர்களுக்கு ஒரு குழு. பாதை போடுவது எப்படி என்று எல்லோரும் படித்தார்கள். குழுவை நடத்துவது எப்படி என்று தலைவர்கள் படித்தார்கள்.

சிறுவர் குழுவின் தலைவிக்குப் பத்து வயது. பட்டப்பெயர் பேரம். எட்டு மணிக்குத் தூங்கு என்றால் ஒன்பது என்பாள், எட்டரையில் முடிப்பாள். செருப்புக் கடைக்காரர் மகள் வேறெப்படி இருப்பாள்?

அவள் குழுவில் ரேடியோ இருந்தான். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்போதுதான் மூடுவான். தும்மல் இருந்தாள். மண்வெட்டி மண்ணைத் தொடும் முன்பே அவளுக்கு மூக்கு அரிக்கும்.

பயிற்சி தருபவரை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா முதல் நாளே ஒரு விதி சொல்லிவிட்டார்.

"தலைவி மண்வெட்டியத் தொடக் கூடாது. குனிஞ்சு வெட்டிட்டு இருந்தா, குழு என்ன பண்ணுதுன்னு எப்படித் தெரியும்? உன் கருவி கண்ணுதான்."

"கொஞ்சமா வெட்டிக்கிறேன்க்கா. ஓரமா."

"ம்ஹூம்."

"ஒரே ஒரு வெட்டு?"

"பேரம்!"

வாழ்க்கையில் அவள் தோற்ற முதல் பேரம் அது.

சிறுவர் குழுவுக்குக் கிடைத்த இடம் ஒரு கொண்டை ஊசி வளைவு. பாதை நேராகப் போய், மூக்கு போல ஒரு முனையில் திரும்பி, அதே சரிவில் கொஞ்சம் கீழே திரும்பி வரும். மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் நடுவே இருந்த சரிவில் புல் நட்டிருந்தார்கள். வேர் பிடித்துவிட்டால் மண்ணை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு பலகையும் நட்டார்கள்: 'இங்கே இறங்காதீர்கள்.'

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், புல் நசுங்கிக் கிடந்தது. நடுவே தடம் தடமாய்க் காலடிகள்.

"பலகையப் படிக்கலையா இவங்க?" என்றாள் தும்மல்.

ரேடியோ பலகையின் கம்பைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. "படிச்சாங்களோ இல்லையோ, நல்லாப் பிடிச்சிருக்காங்க. கம்பப் பிடிச்சுத்தான் இறங்கியிருக்காங்க! நாம கைப்பிடி வச்சுக் கொடுத்திருக்கோம்!"

விசில் அக்கா சிரிக்கவில்லை. "கால் பட்ட இடம் பள்ளமாகும். மழை பெஞ்சா தண்ணி அந்தப் பள்ளத்துல இறங்கி, கீழ்ப் பாதைய அடிச்சிட்டுப் போயிடும். மலை அதிகாரி நேத்து பாத்துட்டாரு. திறப்பு நாள் அன்னிக்கும் ஆளுங்க இப்படி இறங்கினா, முள்கம்பி போட்டு மறுபடி மலையப் பூட்டிடுவேன்னு சொல்லிட்டாரு."

பூட்டு என்றதும் ரேடியோவே வாயை மூடிக்கொண்டான்.

பேரம் குனிந்து காலடிகளைப் பார்த்தாள். செருப்புக் கடையில் வளர்ந்தவளுக்கு அடித்தடம் படிப்பது பாடப்புத்தகம் படிப்பதைவிடச் சுலபம். இது ரப்பர் செருப்பு. அது ஓடுகிறவர் ஷூ. இதோ, நடுவில் நட்சத்திரம் போட்ட ஒன்று. இடது குதிகால் ஓரம் மட்டும் தேய்ந்தது...

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. நட்சத்திரம் போட்ட செருப்பு ஊரிலேயே ஒரு ஜோடிதான் நடமாடியது. யாரும் வாங்காததால் கடைக்காரரே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோடதுன்னு தெரியுதா?" என்று ரேடியோ எட்டிப் பார்த்தான்.

"தெரியுது. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா நீ ஊருக்கே ஒலிபரப்புவ."

அன்று மாலை கடையில் அப்பாவைப் பிடித்தாள்.

"அப்பா, காலைல மலைக்கு நடக்கப் போனீங்களா?"

"போனேனே! பாதை பிரமாதம்மா. அந்தப் பலகைய யாரு நட்டது?"

"நாங்கதான்."

"அதான பாத்தேன்! என்ன கெட்டி! பிடிச்சு இறங்க ரொம்ப வசதி."

"அப்பா! அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அப்பா மோவாயைச் சொறிந்தார். "படிக்கலையேம்மா. மேல நின்னேன், கீழ பாதை தெரிஞ்சுது, கால் தானா இறங்கிடுச்சு. எனக்கு முன்னாடி தையல்காரர் இறங்கினாரு. பின்னாடி நாலு பேர் வந்தாங்க."

பேரம் திட்ட வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. அவரை மட்டும் நிறுத்தி என்ன பயன்? ஊர் முழுக்க அப்பாக்கள்தான். ஒவ்வொரு காலாகவா கெஞ்சுவது?

அப்போது ஒரு பெண் அவசரமாக உள்ளே வந்தார். கேட்டதை வாங்கினார். நேரே வாசலுக்குப் போக வேண்டியவர், பக்கவாட்டில் திரும்பிக் கடைசி மூலை வரை நடந்தார். அங்கே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. புதுச் செருப்போடு தன்னை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். மூலையில் இருந்த விலை கூடிய செருப்புகளையும் பார்த்தார். பிறகுதான் வெளியே போனார்.

'மூலைக்குப் போங்கள்' என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

பேரம் கல்லாப் பெட்டியில் இடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்பா, கண்ணாடி!"

"உடைஞ்சுடுச்சா?"

"இல்லப்பா! ஒன்னுமில்ல. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

சொல்லக் கூடாது. அப்பாதான் அவளுடைய முதல் வாடிக்கையாளர்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்ததும் சொன்ன முதல் சொல்: "பலகையப் பிடுங்குங்க."

"பைத்தியமா?" என்றான் ரேடியோ. "பலகை இருக்கும்போதே இறங்குறாங்க!"

"கைப்பிடி இருக்கறதால இறங்குறாங்க. தும்மல், நீ மண்வெட்டியக் கீழ வை. இன்னிக்கு நீதான் வாடிக்கையாளர். மேலேருந்து நடந்து வா. கால் எங்க போகச் சொல்லுதுன்னு மட்டும் சொல்லு."

புழுதி வேலை இல்லை என்றதும் தும்மலுக்கு முகம் மலர்ந்தது. நடந்து வந்தாள். பழைய இடத்தில் நின்றாள். "இங்கதான். கீழ்ப் பாதை பளிச்சுனு தெரியுது. இறங்குன்னு கூப்பிடுது."

"சரி. கூப்பிடுற வாய அடைச்சிடலாம்." பேரம் விசில் அக்காவிடம் ஓடினாள். "அக்கா, கல்லு வேணும். பெருசா எட்டு."

"பெரியவங்களோட கடப்பாரைக் குழு ரொம்ப வேலையா இருக்கு. ரெண்டு."

"ஆறு. அதுல ஒன்னு உக்கார்ற மாதிரி தட்டையா."

"மூணு."

"அஞ்சு. காய்ஞ்ச புதரெல்லாம் நாங்களே தூக்கிக்கிறோம்."

அக்கா சிரித்துவிட்டார். "எடுத்துக்கோ, போ!"

கடப்பாரைக் குழு நான்கு கற்களை உருட்டி வந்து, மலையே போட்டது போலப் பாதி புதைத்தது. அவற்றின் நடுவே குழந்தைகள் காய்ந்த புதர்களை நட்டார்கள். தும்மல் மறுபடி நடந்து வந்தாள். "இன்னும் தெரியுது. இடது பக்கம்." மறுபடி நட்டார்கள். மறுபடி நடந்தாள். "இப்ப தெரியல. ஆனா கால் எங்கயும் போக மாட்டேங்குது."

"அதுக்குத்தான் அஞ்சாவது கல்லு."

தட்டைக் கல்லை வளைவின் மூக்கு நுனியில் போட்டார்கள். அங்கே கண்ணை மறைத்த பட்டுப்போன கிளைகளை ரேடியோ ரம்பத்தால் அறுத்தான். பேரத்துக்குக் கை துறுதுறுவென்றது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசிக் கிளை விழுந்ததும் ஊர் முழுதும் கீழே தட்டில் வைத்தது போல விரிந்தது.

தும்மல் யாரும் சொல்லாமலே அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எங்க மொட்டை மாடி! என் பாவாடை காயுது!"

திறப்பு நாள் வந்தது. ஊரே மலையேறியது. இறங்கும் நேரத்தில் அதிகாரி வளைவில் வந்து நின்றார். அவருடைய ஜீப்பில் முள்கம்பிச் சுருள் இருந்தது. பேரம் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தையல்காரர் வந்தார். புதரைப் பார்த்தார். பாதையோடு நடந்து மூக்கு நுனியில் நின்றார். "அட, நம்ம கடை!" பின்னால் வந்தவர்கள், "எங்க, எங்க?" என்று முண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லில் உட்கார வரிசையே நின்றது. குறுக்கே இறங்க யாருக்கும் நேரமில்லை.

பிறகு நட்சத்திரச் செருப்பு வந்தது.

அப்பா பழைய இடத்தில் நின்றார். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. கம்பைத் தேடிய கை காற்றைத் துழாவியது. மூக்கு நுனியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அங்க என்ன கூட்டம்?" என்று அப்பா அந்தப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

கல்லில் உட்கார்ந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அடடா! நம்ம கடைப் பலகை கோணலா தொங்குது! இத்தனை நாள் யாருமே சொல்லலையே!"

"நாங்க தினமும் பாக்குறோம். நீங்க வேணும்னே மாட்டினதுன்னு நினைச்சோம்!" என்றார் தையல்காரர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கடைசி ஆளும் இறங்கிய பிறகு அதிகாரி சரிவைப் பார்த்தார். ஒரு புல்கூட மடங்கவில்லை. அவர் திரும்பி ஓட்டுநரிடம், "அந்தக் கம்பிய திரும்பக் கொண்டுபோய் குடோன்ல போட்டுடு" என்றார்.

ரேடியோ போட்ட கூச்சல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. தும்மல் மகிழ்ச்சியில் தும்மினாள். விசில் அக்கா பையிலிருந்து ஒரு புது விசிலை எடுத்துப் பேரத்தின் கழுத்தில் மாட்டினார்.

"அக்கா, என் குழுவுக்கும் ஆளுக்கு ஒன்னு?"

"ரேடியோவுக்கு விசிலா? ஊர் தாங்காது!"

"சரி, தும்மலுக்கு மட்டும். அவனுக்கு அடுத்த மாசம்."

பேரம் படிந்தது.

அப்பா அருகில் வந்தார். இன்னும் புதரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இங்க ஒரு குறுக்கு வழி இருந்துச்சே, எங்க போச்சு?"

பேரம் கடைக்காரர் போல இரண்டு கைகளையும் விரித்தாள்.

"சரக்கு தீர்ந்துபோச்சுப்பா. இனிமே வராது."