விழுங்கிய சிப்பி

வள்ளத்தில் கால் வைத்ததுமே ரஹ்மத் பீவிக்கு உள்ளங்கால் கூசியது. பலகை மரம்போல் இல்லை. ஊறிய தோல்போல் லேசாக உள்வாங்கி, அவள் எடை பட்டதும் வெதுவெதுப்பாக எதையோ கசியவிட்டது. குனிந்து பார்த்தாள். பலகை பலகையாகத்தான் இருந்தது, கறுத்து, உப்புப் பூத்து, காய்ந்து. அவள் கால் விரலிடுக்கில் மட்டும் சளிபோல ஒரு நூல் தொங்கியது.

துப்பட்டி நுனியால் அதைத் துடைத்தாள். துடைத்த இடம் நாறியது.

அருவருப்பு அவளுக்கு எளிதில் வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அத்தாவுக்குத் தோல் மண்டி. உப்புத் தடவி அடுக்கிய ஆட்டுத்தோல்களுக்கு நடுவே ஓடி விளையாடியவள். புழு நெளியும் தோலை ஒரு கையால் புரட்டிப் போட்டுவிட்டு மறு கையால் முறுக்குத் தின்றவள். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி அகமது கபீருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "ஒனக்கு அல்லா மூக்கே வைக்கலட்டி" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. மாசியில் அவளுக்குப் பிறந்த ஆண்பிள்ளை அழவேயில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போன பிறகு, அவள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். கடலைக் கண்டால் மனசு மாறும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பஞ்சு விற்கத் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது கபீர் அவளையும் அழைத்துக்கொண்டார். சாத்தூர் வரைக்கும் மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். நாலு பேர் பார்வை படாமல் அவள் நிம்மதியாகக் காற்று வாங்கட்டும் என்று, தனி வள்ளமாகவே பேசிவிட்டார். ஒரு சாயங்காலம் முழுவதும் அவர்கள் இருவருக்கு மட்டும். வள்ளக்காரர் சந்தியாகு வயதானவர். பாயைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், ஏறிய ஆட்களைப் பார்க்கமாட்டார்.

"தெக்க பழையகாயல் பக்கம் போயிட்டுத் திரும்பிருவோம் முதலாளி," என்றார். "பொழுது கரைக்குப் பொறத்தால எறங்கும். பாக்க நல்லா இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தது. கிழக்குக் கடல் என்பதால் சூரியன் தண்ணீரில் விழவில்லை. பனைமரங்களுக்கும் உப்பளங்களுக்கும் பின்னால், அவர்கள் ஊர் மலை இருக்கும் திசையில், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அலை வள்ளத்தின் விலாவைத் தட்டித் தட்டிப் போனது. கபீர் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கரையைக் கை காட்டினார்.

"அந்தா மேடு தெரியுது பாரு. ஒரு காலத்துல அங்க பெரிய துறைமுகமாம். அரபு நாட்டுல இருந்து கப்பல் கப்பலா குதிரை வந்து எறங்குமாம். முத்து வாங்குறதுக்குன்னே எங்கெங்க இருந்தோ ஆளுக வருவாகளாம்."

"இப்ப?"

"இப்ப அம்புட்டும் மண்ணுக்கடியில. பாதி ஊரு தண்ணிக்கடியில."

அவர் குரலில் இருந்த கொஞ்சலுக்காகவே அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் கவனமெல்லாம் நாற்றத்தில் இருந்தது. அந்த வருஷத்து முத்துக்குளிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. தூத்துக்குடிக் கரையில், பனையோலை அடைப்புகளுக்குள் சிப்பியை மலைமலையாகக் குவித்து அழுகவிட்டிருந்தார்கள். ஈ மொய்த்து, புழு தின்று, சதை கரைந்து ஓடிய பிறகு மிச்சத்தை அலசி முத்துப் பொறுக்குவார்களாம். காலையில் அந்த வழியாக வந்தபோது கபீர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தார். அவள் சும்மா நடந்தாள். அந்த அடைப்புகள் இப்போது வெகு தூரத்தில், கண்ணுக்கே தெரியாமல் பின்னால் போய்விட்டன. காற்றோ கடலிலிருந்து வீசியது. இருந்தும் நாற்றம் குறையவில்லை. கொழுத்தது. முதலில் அழுகிய மீன்போல, பிறகு சீழ்க்கட்டு அவிழ்த்ததுபோல, பிறகு பெயரே இல்லாத ஒன்றாக, தொண்டைக்குள் ஒரு விரலை விட்டதுபோல.

"ஏங்க, ஒங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

கபீர் மூச்சை இழுத்தார். "நாத்தமா? பால் வாசம்லா வருது."

அந்த மேட்டுக்கு நேரே வந்ததும் காற்று நின்றது. பாய் தொளதொளத்துத் தொங்கியது. அலைகூட ஓய்ந்து, தண்ணீர் எண்ணெய்போல் கனத்து, சிவந்த வானத்தை அப்படியே பூசிக்கொண்டு கிடந்தது. சந்தியாகு துடுப்பை எடுத்தார். அந்த அமைதியில்தான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பலகைக்கு அடியில். நகத்தோடு நகம் உரசுவதுபோல. கிளுக். செத்த நேரம் கழித்து, கிளுக்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று வள்ளத்தின் விளிம்பைப் பார்த்தாள். அவள் சுண்டுவிரலை ஒட்டி ஒரு சிப்பி இருந்தது.

ஏறும்போது அது அங்கே இல்லை. உள்ளங்கை அகலம். முதுகில் பாசியும் சேறும் அப்பி, நனைந்து, மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அது ஏறி வந்த தடத்தில் பலகை நெடுகப் பிசின்போல ஒரு கோடு மினுங்கியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். சிப்பி மூடிக்கொண்டது. கிளுக்.

"நேத்துத்தான வள்ளத்தைத் தேய்ச்சுக் கழுவினேன்," என்றார் சந்தியாகு. முதன்முறையாக அவர் முகம் மாறியது. "அதை எடுத்துத் தண்ணியில போட்ருங்க முதலாளி."

"இருங்க. தானா வந்ததை எதுக்குப் போடணும்?" கபீர் அதற்குள் பிடுங்கிவிட்டார். வராமல் வந்தது; மரத்தின் ஒரு சிலும்பையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் பேனாக்கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டார். திறக்கத் தேவையே இருக்கவில்லை. அதுவே திறந்துகொடுத்தது.

உள்ளே அழுகல் இல்லை. அவ்வளவு நாற்றத்துக்கும் நடுவே வெளுத்து, கொழுத்து, சுத்தமாக, பிறந்த குழந்தையின் வாய்போல் ஈரமாக ஒரு சதை, ஓரமெல்லாம் சுருக்கம் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"முத்து இருக்கான்னு பாக்கணும்," என்றார் கபீர். விரலால் தடவினார். பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியாதவர்போல், ஓட்டை உதட்டருகே கொண்டுபோனார். "வெரலுக்குத் தட்டுப்படாதது நாக்குக்குத் தட்டுப்படும்."

"ஐயோ, வேண்டாங்க. எனக்கு ஒப்பல. கீழ போடுங்க!"

சதை அவர் வாய்க்குள் போயிற்று. அவர் உறிஞ்சவில்லை, அதுதான் நழுவி ஏறியது. கன்னம் ஒரு பக்கம் புடைத்தது, மறு பக்கம் புடைத்தது. வாய்க்குள் எதுவோ இடம் பார்த்தது.

"துப்பிருங்க. துப்பிருங்க!"

கபீர் அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"விழுங்கிட்டேன்," என்றார், வெட்கத்தோடு. பிறகு சிரித்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான்.

ரஹ்மத் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். சந்தியாகு கரைவரை துடுப்பை நிறுத்தவில்லை. வள்ளம் தரை தட்டியதும் குதித்து இறங்கினார், கட்டாமலேயே. பாய், துடுப்பு எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் இருட்டுக்குள் நடந்தார்.

ராஜபாளையம் வந்த பிறகு கபீர் சோறு தொடவில்லை. உப்புக் கரைத்த தண்ணீர் கேட்டார். சொம்பு சொம்பாகக் குடித்தார். கடைக்குப் போவதை விட்டுவிட்டு, பின்கட்டு அறையில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்லி, அதன் பக்கத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கோபம் இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். அவர் உள்ளங்கை வழவழவென்று இருக்கும். எடுத்தால் நூல் வரும்.

நாற்றம் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. தலையணையில், வெற்றிலைச் செல்லத்தில், அரிசிப் பானையில். சாம்பிராணி போட்டால் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தது. காலையில் அவர் தலைவைத்த பாயில் நத்தை ஊர்ந்ததுபோலத் தடம் காய்ந்து பளபளக்கும். பகலில் பாதி நேரம் வாய் இறுக மூடியிருக்கும், கத்தி விட்டாலும் நுழையாது. பாதி நேரம் லேசாகத் திறந்திருக்கும். திறந்திருக்கும்போது அவர் நெஞ்சு ஏறி இறங்குவதில்லை.

வேலைக்கு வரும் வெள்ளத்தாய் ஒருநாள் வாசலோடு நின்றுவிட்டாள். "கோவிச்சுக்காதீகம்மா. அண்டாத் தண்ணியில பால் மாதிரி என்னமோ மெதக்குது. கையை விட்டேன், அதுவா விலகிப் போகுது. என்னால ஆகாது."

ரஹ்மத் தன் ஊருக்கு ஆளனுப்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வைத்தியர் ஐயாதுரை வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அறை வாசலில் ஒருமுறை நின்று, மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, உள்ளே போனார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தவர் சட்டென்று விட்டுவிட்டு, தன் விரல்களை வேட்டியில் துடைத்தார்.

"வாயைத் திறங்க ராவுத்தரே. நாக்கைப் பாப்போம்."

கபீர் சிரித்த முகமாக இருந்தார். உதடு பிரியவில்லை. உதட்டோரம் நெடுகச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளை விளிம்பு கட்டியிருப்பதை ரஹ்மத் அப்போதுதான் வெளிச்சத்தில் கண்டாள். வைத்தியர் கட்டைவிரலால் கீழுதட்டை அழுத்தி, ஆள்காட்டி விரலை உள்ளே நுழைத்தார்.

கிளுக்.

வைத்தியர் கத்தவில்லை. மெல்ல விரலை உருவினார். நகத்துக்குக் கீழே, சவரக்கத்தி வைத்துக் கீறியதுபோல் சுற்றிலும் ஒரே வெட்டு. இரத்தம் பிறகுதான் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"உள்ள பல்லு இல்லம்மா," என்றார். "நாக்கும் இல்ல. என் வெரலை என்னமோ சப்புச்சு."

"மருந்து குடுங்கய்யா."

"நீ ஒங்க அத்தா வீட்டுக்கு வந்துரு. இப்பவே வா. வண்டி நிக்கிது."

அவள் போகவில்லை. பிள்ளையைக் கொண்டுபோன அன்று, ஊரே கலைந்த பிறகும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மடியை விட்டுவிட்டு எந்த வண்டியில் ஏறுவது? வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை முற்றத்தில் நின்றாள். பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பொழுது இறங்கும் நேரம். பின்கட்டுச் சாளரம் மேற்கே பார்த்தது. மலைக்கு மேல் நின்ற சூரியன் அறைக்குள் சிவப்பாகச் சாய்ந்திருந்தது. கபீர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ஈரம். கழுத்துத் தோல் தளர்ந்து, ஓரம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. கண் மட்டும் அவருடையது. அவளைப் பார்த்ததும் அது நிறைந்தது.

"என்னங்க," என்றாள். "வலிக்குதா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. கையை நீட்டினார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமட்டல் நெஞ்சுவரை வந்தது. விழுங்கினாள். அந்தக் குளிர்ந்த வழவழப்புக்குள் தன் கையைக் கொடுத்தாள். அவர் மெதுவாக, பதமாக, அதைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனார். முத்தமிடத்தான் என்று நினைத்தாள். அவள் விரல் நுனி அந்த வெள்ளை விளிம்பைத் தொட்டது. கூர்.

"விடுங்க," என்றாள்.

பிடி இறுகவில்லை. தளரவும் இல்லை.

எங்கோ நகத்தோடு நகம் உரசியது. ஒன்று. இன்னொன்று. பிறகு பல. மழைக்கு முந்தைய தூறல்போல, அவர் கன்னத்துக்குள்.

"விடுங்கங்க."

அவர் வாயைத் திறந்தார்.

சாய்ந்த வெயில் நேரே உள்ளே விழுந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. உதட்டிலிருந்து தொண்டைவரை ஒரே மினுக்கம்; வெள்ளையும் ஊதாவும் ரோசாவும் ஓடும் வழவழப்பு. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சதை, வெளிச்சம் பட்டதும் கூசிப் பின்வாங்கியது. அது மூடியிருந்த இடம் தெரிந்தது.

சிறியவை. அரிசி அளவு. அண்ணத்தில், கன்னத்தில், தொண்டையின் இருட்டுவரை, வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு.

பால் வாசம் அடித்தது. அவளுக்கே அடித்தது.

அவர் மூச்சு விட்டார். அத்தனையும் வாய் திறந்தன.