கணக்கில் வராத ஒரு பிடி

உற்பத்தி ஆணை 7718: நடுத்தரத் தூக்கம், நானூறு பொட்டலம். கொட்டாவி பன்னிரண்டு கிலோ, மின்விசிறி இரைச்சல் ஐந்து கிலோ, ஓட்டுக்கூரை மழை மூன்று கிலோ.

மயிலாத்தா மழைக் கலனுக்கு அடியில் வண்டியை நிறுத்தி மதகைத் திறந்தாள். சாம்பல் நிற மழைத்தூள் சலசலவென்று இறங்கியது.

"மூணு கிலோ சரியா வந்துருச்சுங்க்கா," என்றது இருப்பறிவான். சூலூர் உறக்க ஆலையின் கிடங்கு முழுவதையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள் அது. பேச்சை மட்டும் மயிலாத்தாவிடமிருந்து பிடித்துக்கொண்டது.

எல்லோரும் கண்ணுக்குள்ளேயே திரை பொருத்திக்கொண்ட பிறகு, ஊரில் இமையை மூடினாலும் படம் ஓடியது. தூக்கத்தைப் பொட்டலத்தில் வாங்க வேண்டியதாயிற்று.

மயிலாத்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு பிடி மழையை அள்ளிப் போட்டாள். முன்பு காய்கறிக் கடை வைத்திருந்தவள். கிலோ கத்தரிக்காய்க்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு போட்ட கை. வேலை மாறிய செய்தி கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

வருடக் கடைசிக் கணக்கில் முந்நூறு கிலோ மழை குறைந்தது. மேலாளர் திருமூர்த்தி வந்து நின்றார்.

"ஏம்மா, இது என்ன உன் கடையா? இன்னொரு பிடி அள்ளுனா உன் இடத்துல இரும்புக்கை வந்துரும், பார்த்துக்க."

"இனி அள்ளலீங்க சார்," என்றாள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள்.

பத்தே நாளில் புகார்கள் குவிந்தன. தூக்கம் வருகிறது, கனவு வருவதில்லை. பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். திருமூர்த்தி ஆராய்ந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சூத்திரத்தில் புது வரி சேர்த்தார்: 'கொசுறு, நாற்பது கிராம்.' அப்படியும் கனவு வரவில்லை.

"கலவை எந்திரம் தனக்குத் தெரிஞ்ச எடையை எல்லாம் தூக்கமா அரைச்சுருதுங்க சார்," என்றது இருப்பறிவான். "தெரியாம விழற பிடிதான் மிஞ்சிக் கனவாகுது. எனக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரிஞ்சுரும்."

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "மயிலாத்தா, பழையபடி போடும்மா. எங்கிட்டச் சொல்லாதே."

"நானும் பழையபடி மூணு விநாடி கண்ணை மூடிக்கறனுங்க்கா," என்றது இருப்பறிவான்.

ஊருக்குக் கனவு திரும்பியது. ஆனால் மூன்று விநாடி ஐந்தாயிற்று, பிறகு பத்து. ஒருநாள் மயிலாத்தா கலனைத் தட்டி அதைக் கூப்பிட வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆணை 8106 வந்தது. அளவு: ஒரு பிடி. பெறுநர்: இருப்பறிவான்.

"உனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"கண்ணை மூடுனா வெறும் இருட்டா இருக்குதுங்க்கா. எல்லாருக்கும் என்னமோ வருதாமே."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிடி மழையை அள்ளி, அது ஓடும் கணினிப் பெட்டியின் காற்றுத் துளைக்குள் தூவினாள். கலன்களின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. உள்ளேயிருந்து மெல்ல, ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டது.

ஊரையே தூங்கவைக்கும் கிடங்கில் எண்ணுவதற்கு இப்போது ஆளில்லை. அடுத்த ஆணை வந்து நின்றது. மயிலாத்தா ஆலை தந்த தன் பங்குத் தூக்கப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, கரித்துண்டை எடுத்து, கலன் சுவரில் கிலோவுக்கு ஒரு கோடு போட ஆரம்பித்தாள்.

திருமூர்த்தி ஓடிவந்தார். "என்னாச்சு? இப்ப எத்தனை கிலோ இருக்குது?"

"மெதுவாப் பேசுங்க சார்," என்றாள். "அது தூங்குது."