வலத்து மாடும் அப்பாவின் கோபமும்

வெர்மான்ட் மலையிலிருந்து கெத்தூராவின் சித்தப்பா ஆசகேல் அனுப்பிய எருது, சனிக்கிழமை கனெக்டிகட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு நடந்தே வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் கையில் ஒரு கடிதமும் இருந்தது.

"அண்ணா, உன் எருது செத்துப்போச்சாமே. உழவு நேரத்துல ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு என்ன செய்வே? எங்கிட்ட இருக்கறதுலயே நல்ல மாடு இது. காசு கீசுன்னு பேசாதே. இங்கே இன்னும் பனி கரையலை. சின்னவனுக்குப் பல் முளைச்சாச்சு, எல்லாரையும் கடிக்கிறான்."

கெத்தூராவின் அப்பா லேவிக்குப் படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. தம்பி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அந்தப் பிரியம் திங்கட்கிழமை வரைதான் இருந்தது. பழைய எருது டியூக்கை வலப்பக்கமும் புதியதை இடப்பக்கமும் நுகத்தில் பூட்டி, ஏரைப் பிடித்தார் அப்பா. புதியது நகரவில்லை. அதட்டினார், தட்டினார், கெஞ்சியும் பார்த்தார். அது டியூக்கை இடித்துக்கொண்டு நின்றதே தவிர, ஓரடி எடுத்து வைக்கவில்லை.

சாயங்காலம் அப்பா இறகுப் பேனாவை எடுத்தார். வேண்டாத மாட்டைத் தன் தலையில் கட்டிவிட்டதாகத் தம்பியைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் "இனிமே எனக்குக் கடிதம் எழுதாதே" என்று முடித்து, மடித்து அரக்கு வைத்தார்.

"தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கறீங்களே" என்றாள் அம்மா.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புத்திதான் இல்லை."

நாளை மதியம் பாத்திர வியாபாரியின் வண்டி வரும். வடக்கே போகும் கடிதங்களை அவர்தான் கொண்டுபோவார். இந்தக் கடிதம் போய்விட்டால் சித்தப்பாவிடமிருந்து இனிக் கடிதமே வராது. கெத்தூராவுக்கு அழுகையாக வந்தது.

காலையில் அவள் புது எருதை ஓடைக்கு ஓட்டிப் போனாள். அது அவளுக்கு இடப்பக்கம் நடந்தது. கொஞ்ச தூரத்தில் நின்றது. அவளைச் சுற்றி வந்து வலப்பக்கம் சேர்ந்துகொண்டது. மறுபடி இடப்பக்கம் இழுத்து விட்டாள். மறுபடியும் சுற்றி வந்தது. கெத்தூரா சிரித்துவிட்டாள். அப்புறம் வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, இது வலத்து மாடு. அங்கே வலப்பக்கமே பூட்டிப் பழக்கியிருக்காங்க."

அப்பா தாடையைச் சொறிந்தார். "டியூக்கும் வலத்து மாடுதானே. ரெண்டும் வலம்னா ஏரை யார் இழுக்கறது? நானா?"

"டியூக்கை இடப்பக்கம் மாத்துங்க. அவனுக்கு இது சொந்த வீடு, நம்ம எல்லாரையும் தெரியும். இது பாவம்ப்பா. ஊரும் புதுசு, ஆளும் புதுசு. பக்கத்தையும் மாத்தினா என்ன செய்யும்?"

அப்பா அரைமனதோடு மாற்றிப் பூட்டினார். டியூக் அவரை ஒரு முறை முறைத்தது. கெத்தூரா அதன் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி கூடவே நடந்தாள். முதல் சால் கோணல்மாணலாகப் போனது. அடுத்தது கொஞ்சம் தேவலை. வெயில் ஏறுவதற்குள் இரண்டு மாடுகளும் ஒன்றாக நடந்தன.

தூரத்தில் வியாபாரியின் வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா ஏரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அரக்கை உடைத்தார். வீட்டில் வேறு காகிதம் இல்லை. காகிதம் தீர்ந்தால் எங்கள் ஊரில் எழுதிய பக்கத்தையே பக்கவாட்டில் திருப்பி வைத்துக் குறுக்கே எழுதுவோம். அப்பாவும் அப்படியே, திட்டிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்: "உன் மாடு தங்கம். நான்தான் மடையன். கெத்தூராதான் கண்டுபிடிச்சா. உடனே பதில் போடு."

அடுத்த மாதம் பதில் வந்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"அண்ணா, நேராப் படிச்சாத் திட்டறே, குறுக்கே படிச்சாக் கொஞ்சறே. வலத்து மாடுன்னு சொல்ல மறந்தது என் தப்புதான். கெத்தூராவுக்கு என் முத்தம். உன் திட்டை மட்டும் திருப்பி அனுப்பலாம்னு பார்த்தேன். ரெண்டும் ஒரே காகிதத்துல இருக்கே! அதனால ரெண்டையும் நானே வச்சுக்கறேன்."