கை கழுவச் சொல்லும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை என்னைத் தவிர யாரும் மதிப்பதில்லை. அக்கா அதை 'டப்பா' என்பாள். அப்பா தையல்காரர். தைத்து முடித்த சட்டைகளை அதன்மேல்தான் அடுக்கிவைப்பார். ஆன் செய்தால் உறுமும். அது முழித்துக்கொள்வதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

ஆனால் நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை ஆன் செய்வேன். யாருக்கும் தெரியாமல்தான். முழித்துக்கொண்டதும் அது அம்மாவின் குரலில் பேசும்.

"வந்துட்டியா குண்டூசி? முதல்ல போய்க் கை கழுவு!"

குண்டூசி என்பது நான். ஒல்லியாக இருந்துகொண்டு எல்லோரையும் குத்திக்கொண்டே இருக்கிறேனாம். அம்மா கப்பலில் எலக்ட்ரீஷியன். வேலைக்குக் கிளம்பும்போது தன் குரலைப் பதிவு செய்து, எனக்காக அதில் போட்டுவிட்டுப் போனாள்.

நானும் சமர்த்தாகக் கை கழுவிவிட்டு வருவேன். "கழுவிட்டேன்மா. இன்னைக்குக் கணக்கு டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். அது வாயே திறக்காது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு பேச்சுதான்.

நிஜ அம்மா வீடியோவில் கூப்பிட வேண்டுமென்றால் கப்பல் துறைமுகத்துக்கு வரவேண்டும். எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் நொண்டியடிக்கும். அதனால் வீட்டு இன்டர்நெட்தான் கதி. அதில் மாடி வீட்டு மாமாவும் பங்கு. அவர் நாள் முழுக்கக் கோழி வளர்ப்பு வீடியோ பார்ப்பார். ஒரு கோழிகூடக் கிடையாது அவரிடம்! போதாததற்கு அக்காவின் காலேஜ் ஆன்லைன் வகுப்பு வேறு.

போன தடவை அம்மா கூப்பிட்டபோது, விழுந்த பல்லைக் காட்டினேன். அவ்வளவுதான், தும்மப்போகிறவள் மாதிரி வாயைத் திறந்தபடி அம்மா உறைந்துவிட்டாள். நான் கத்தினேன். அக்கா வகுப்பை அணைத்தாள். அப்பா மாடிக்கு ஓடினார். அதற்குள் தொடர்பே அறுந்துபோனது. பல்லைப் பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை. கப்பலும் கிளம்பிவிட்டது.

"இந்தச் சனிக்கிழமை அம்மா கப்பல் கரைக்கு வருது" என்றார் அப்பா. "அதுக்கப்புறம் பெரிய கடல். ரொம்ப நாளைக்குக் கரையே கிடையாதாம்."

எனக்கு அழுகை முட்டியது. "இந்தத் தடவையும் அம்மா உறைஞ்சுபோனா நான் சாப்பிடவே மாட்டேன்!"

அக்கா இன்டர்நெட் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலேஜில் அவளுக்கு இதுதான் படிப்பு.

"இந்த ரௌட்டருக்கு மூளை பத்தலப்பா. எல்லாரையும் ஒண்ணா உள்ள விட்டுட்டுத் திணறுது. ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைச்சா அதையே ரௌட்டரா மாத்திடலாம். யாரை முதல்ல விடணும்னு அது பாத்துக்கும். அம்மா கூப்பிட்டா, கோழி எல்லாம் ஓரமா நிக்கணும்."

"பழைய கம்ப்யூட்டருக்கு எங்க போறது?" என்று கேட்டார் அப்பா. கேட்டுவிட்டு அவரே சட்டை அடுக்கின் பக்கம் திரும்பினார். எனக்குப் பகீரென்றது.

மறுநாள் அக்கா ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பழைய நெட்வொர்க் கார்டு வாங்கி வந்து டப்பாவுக்குள் பொருத்தினாள். இப்போது அதன் முதுகில் ஒயர் செருக இரண்டு துளைகள். வெளியிலிருந்து வரும் ஒயர் ஒன்றில். இன்னொன்றிலிருந்து பழைய பெட்டிக்கு ஒரு ஒயர். மூளை வேலையை டப்பா பார்க்கும், பெட்டி வைஃபையை மட்டும் பரப்பும். நான் ஸ்க்ரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு பென்டிரைவைச் செருகினாள். திரையில் எழுத்துகள் ஓடின.

"இதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்னு சொல்லுது. போட்டோவெல்லாம் எப்பவோ எடுத்து வெச்சாச்சு. தட்டிடட்டா?"

நான் கீபோர்டு மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

"ஏய், எழுந்திருடி!"

"மாட்டேன்."

"அம்மாகூடப் பேசணுமா, வேணாமா?"

"பேசணும். ஆனா அழிக்கக் கூடாது. உள்ள அம்மா இருக்கா."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். அவள் பென்டிரைவை உருவிவிட்டு டப்பாவைப் பழையபடி ஆன் செய்தாள். உறுமியது. காத்திருந்தோம்.

"வந்துட்டியா குண்டூசி? முதல்ல போய்க் கை கழுவு!"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கையைக் கழுவி, உடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"இந்தக் குரலை என் போன்ல எடுத்துத் தரேன்."

எடுத்தும் தந்தாள். போனில் தட்டினேன். அதே குரல்தான். ஆனால் நான் தட்டினால்தான் பேசியது. நான் வந்ததைப் பார்த்துவிட்டு அதுவாகக் கேட்பதுபோல் இல்லை.

"உனக்கு வேணாம்னா விட்டுடலாம்டி. நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

நான் திரையையே பார்த்தேன். எத்தனை நாள் அதனிடம் எத்தனை கதை சொல்லியிருப்பேன்! 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று ஒரு தடவைகூட அது கேட்டதில்லை. கப்பலில் இருக்கிற அம்மா கேட்பாள்.

"பென்டிரைவைப் போடு. நானே தட்டறேன்."

தட்டினேன். உடனே சத்தம் போட்டு அழுதேன். அக்கா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து பார்த்தால், இன்டர்நெட்டே வரவில்லை! அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டாள். ஏதேதோ தட்டினாள். நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். இரண்டு துளைகளும் ஒரே மாதிரி இருந்தன.

"ஒயரை மாத்திக் குத்தியிருப்பியோ?"

"நானா? நெவர்!" என்றாள் அக்கா. நான் மாற்றிச் செருகினேன். விளக்கு படபடவென்று மின்னியது. மாடியிலிருந்து கோழி கூவியது.

"குண்டூசிக்குக் குத்துறது கைவந்த கலை" என்று அப்பா சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை அம்மா கூப்பிட்டாள். அக்காவின் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. அம்மா கையை ஆட்டினாள். முடியைக் கோதினாள். எந்த நிமிஷம் உறையுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"ஏண்டி இப்படி முழிக்கிற? அட, புதுப் பல்லு முளைச்சிடுச்சா!"

உறையவே இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"டப்பாவுல இருந்த உன் குரலை நானே அழிச்சிட்டேம்மா."

"அடிப்பாவி! போனாப் போகுது. அதான் நானே வந்துட்டேனே."

"நீ இன்னும் வரலையே" என்றேன்.

அம்மா அசையாமல் இருந்தாள். போச்சு, உறைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. மெதுவாகக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கணக்கு டீச்சர் கதையைச் சொன்னேன். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டாள். அப்பா பேசினார். அக்கா பேசினாள். ஊர்க் கதை, கப்பல் கதை எல்லாம் தீர்ந்துபோனது.

"என்னடி, பேச்சையே காணோம்?"

"பேச ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப வெச்சிடட்டா?"

"வேணாம். சும்மா இரு."

அம்மா சும்மா இருந்தாள்.