விட்டுப்போனது யாரு?

புகைபோக்கிகள் நின்றுபோனதை மகோசியின் அம்மா நம்பவில்லை.

ஊரில் வேறு யாரும்கூட முதலில் நம்பவில்லை. மின் நிலையம் இதற்கு முன்பும் நின்றிருக்கிறது. கொதிகலன் பழுதாகும். பிறகு சரியாகும். புகை மறுபடி எழும்.

அதனால் அம்மா மறுநாளும் இருட்டோடு எழுந்து மாவைப் பிசைந்தாள். உருண்டை உருண்டையாக எண்ணெயில் பொரித்தெடுத்தாள். அந்த மக்வின்யா உருண்டைகள் நிறைந்த வாளியை ஒரு பக்கம் அம்மாவும் மறு பக்கம் மகோசியும் பிடித்துக்கொண்டு நிலையத்தின் வாசலுக்குப் போனார்கள்.

வாசலில் சங்கிலியும் பூட்டும் தொங்கின.

"ரேடியோவிலயே சொல்லிட்டாங்கம்மா," என்றாள் மகோசி. "நிலக்கரிப் புகையால மழை தப்பிப்போகுதாம். இனிமே சூரியத் தகடுதானாம். இது திறக்காதாம்."

"ரேடியோவுக்கா பசிக்குது? ஆளுங்களுக்குப் பசிக்கும். வருவாங்க."

யாரும் வரவில்லை. அடுத்த நாளும் போனார்கள். அப்போதும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் காலையும் மாலையும் ஆறிப்போன மக்வின்யாதான்.

"நாளைக்கும் இதேவா?" என்றான் தம்பி லுங்கெலோ.

"இல்ல. நாளைக்கு இன்னும் கெட்டியா இருக்கும்," என்றாள் அம்மா.

மாவு மூட்டை காலியானது. அதற்குப் பிறகுதான் அம்மா நம்பினாள்.

மகோசிக்கு அந்த வாசல் பிறந்ததிலிருந்தே தெரியும். குளிர்காலக் காலைகளில் மூடுபனியும் புகையும் சேர்ந்து கண்ணை மறைக்கும். கையை நீட்டினால் கை தெரியாது. கடை எங்கே என்று ஆட்களுக்குப் புரிய வேண்டுமே. அதனால் அம்மா பாடுவாள்.

"பசிச்சவன் யாரு?"

பனிக்குள்ளிருந்து நூறு குரல் திரும்பி வரும். "நாங்கதான், மா!"

"சூடா வேணுமா?"

"சுடச்சுட, மா!"

குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். எல்லாருக்கும் கொடுத்த பிறகு, வாளியை மூடும் முன் அம்மா கடைசியாகக் கேட்பாள்.

"விட்டுப்போனது யாரு?"

"ஒருத்தரும் இல்ல, மா!"

பதில் வந்தால்தான் மூடி விழும். கையில் காசில்லாதவனும் அந்த வாசலில் விட்டுப்போனதில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டிய நாட்களில் மகோசியே பாடியிருக்கிறாள்.

இப்போது பாட ஆளில்லை. காற்று சுத்தமாகிவிட்டது. கொடியில் காயும் துணி வெள்ளையாகவே இருந்தது. ராத்திரியெல்லாம் இருமும் லுங்கெலோ அமைதியாகத் தூங்கினான். அடுப்பும் தூங்கியது. தகரக் கூரைக்கு மேலே பெரிய மின்கம்பிகள் எப்போதும்போல நகரத்தை நோக்கிப் போயின. அவற்றில் ஓடிய மின்சாரம் இந்தத் தெருவில் ஒருநாளும் இறங்கியதில்லை. மகோசி மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தாள். இப்போது மண்ணெண்ணெயும் தீர்ந்துவிட்டது.

எதிர் வீட்டுக்காரர்கள் கதவில் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் அம்மா கோடு போட்ட பெரிய பையை எடுத்தாள். மகோசியின் பள்ளி ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீயும் தம்பியும் பெரியம்மா வீட்டுக்குப் போறீங்க."

"பள்ளிக்கூடம்?"

"அங்கயும் இருக்கு."

"நீ?"

"பார்க்கலாம்."

அம்மா 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். பெரியம்மாவின் ஊர் ஒரு பகல் முழுக்கப் பயணம். அம்மாவே தொடர்ந்தாள்.

"சனிக்கிழமை கூட்டம் இருக்கு. மேலிடத்துல இருந்து ஆள் வர்றாராம். நிலையத்து ஆளுங்களுக்கு என்ன செய்யப்போறாங்கன்னு சொல்வாராம். வாசல்ல வித்த ஆளுங்களுக்கும் ஏதாவது சொல்லிட்டா, பையைப் பிரிச்சிடலாம்."

சனிக்கிழமை மண்டபத்துக்கு முன்னால் ஊரே நின்றது. நீல அட்டை வைத்திருந்த நிலையத்து ஆட்களுக்கு உள்ளே நாற்காலி. மற்றவர்கள் வெளியே. சுள்ளென்ற குளிர்காற்றில் பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சன்னலோரம் நின்றார்கள். காய்கறி விற்றவர்கள், தொழிலாளர்களின் துணி துவைத்தவர்கள், செருப்புத் தைத்தவர். அம்மா மண்டபத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். மகோசி சன்னல் திண்டில் ஏறிக்கொண்டாள்.

கூட்டத்தை நடத்தியவர் மா துபே. பெரிய குரல், பெரிய தொப்பி. பக்கத்தில் மேலிடத்து ஆள், ராடெபெ. இளைஞர். ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"வயசானவங்களுக்கு ஓய்வூதியம்," என்றார். "மத்தவங்களுக்குச் சூரியத் தகடு பொருத்தப் பயிற்சி. பயிற்சி முடியற வரைக்கும் பாதிச் சம்பளம். இந்த மாற்றத்துல யாரையும் கைவிட மாட்டோம்."

உள்ளே கைதட்டினார்கள். பலமாக இல்லை.

அம்மா கையைத் தூக்கினாள். "எங்களுக்கு என்ன, தம்பி?"

"நீங்க எந்தப் பிரிவு, மா?"

"வாசல் பிரிவு."

உள்ளே சிரிப்பு.

"அட்டை இருக்கா?"

"கரண்டி இருக்கு."

சிரிப்பு பெரிதானது. ராடெபெ சிரிக்கவில்லை. "மன்னிக்கணும், மா. இந்தத் திட்டம் நிலையத்துல வேலை பார்த்தவங்களுக்கு. நீங்க வெளியில இருந்தீங்க. அடுத்த கேள்வி?"

அவ்வளவுதான். ஒலிபெருக்கி கைமாறியது.

மகோசி உள்ளே பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். மூன்றாவது வரிசையில் பாபா மாலுலேகா. "இது மக்வின்யாவா, கால்பந்தா?" என்று தினமும் கிண்டல் செய்துவிட்டு மூன்று தின்பவர். அவர் அம்மாவுக்காக ஏதாவது சொல்வார் என்று மகோசி நினைத்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல அட்டை அவர் கழுத்தில் தொங்கியது. எல்லாரும் ஷூவைத்தான் பார்த்தார்கள்.

அம்மா போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பினாள். "வா. பை கட்டணும்."

மகோசி இறங்கவில்லை. அவளிடம் ஒலிபெருக்கி கிடையாது. அதை யாரும் தரப்போவதும் இல்லை.

ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் கூட்டமானாலும் சாவு வீடானாலும், கும்பலிலிருந்து யாராவது பாட்டு எடுத்தால் பேசுகிறவர் நிறுத்த வேண்டும். அமைச்சரே பேசினாலும் சரி. பாட்டு முடியும் வரை பேச்சு கிடையாது.

அவள் திண்டின்மேல் எழுந்து நின்றாள்.

"பசிச்சவன் யாரு?"

குரல் கீச்சென்று வந்தது. சில தலைகள் திரும்பின. ராடெபெ அடுத்தவரிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

மகோசி மூச்சை இழுத்துக்கொண்டாள். பனியில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"பசிச்சவன் யாரு?"

"நாங்கதான், மா!"

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பத்துப் பேர் சொன்னார்கள். பழக்கம்தான். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என்ன இது?" என்றார் ராடெபெ.

"உட்காருங்க, தம்பி," என்றார் மா துபே. "பாட்டு எழும்பிடுச்சு."

"சூடா வேணுமா?"

"சுடச்சுட, மா!"

இப்போது மண்டபம் முழுக்கச் சொன்னது. கால்கள் தரையில் தாளம் போட்டன. சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. பூட்டிய வாசலும் பனியும் அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அம்மா வாசலில் அசையாமல் நின்றாள்.

மகோசி அம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"விட்டுப்போனது யாரு?"

"ஒருத்தரும்..."

அங்கேயே நின்றுவிட்டது. ஒருவரும் முடிக்கவில்லை. கால்களின் தாளமும் நின்றது. தகரக் கூரையில் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மகோசி மறுபடி கேட்கவில்லை. காத்திருந்தாள்.

பாபா மாலுலேகா எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"இருக்காங்க," என்றார். "வாசல்ல நிக்கிறாங்க. இருபது வருஷம் எங்களுக்குச் சோறு போட்டுட்டு நிக்கிறாங்க."

தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் அம்மாவுக்கு முன்னால் போட்டார். "உட்காருங்க, மா சிபேகோ."

"உனக்கு?"

"எனக்குக் கால் இருக்கு. நீங்க போட்ட மக்வின்யா அத்தனையும் அதுலதான் இருக்கு."

இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். நாற்காலிகள் வெளியே போயின. செருப்புத் தைப்பவர் ஒன்றில் உட்கார்ந்து, நம்பாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

ராடெபெ மெதுவாகச் சொன்னார். "இதை முடிவு பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேக்கணும்."

"கேளுங்க," என்றார் மா துபே. "பாட்டு பாதியில நிக்குது. அது முடியற வரைக்கும் இங்க யாரும் பேச முடியாது. அடுத்த சனிக்கிழமை வாங்க. எல்லாருக்கும் நாற்காலி இருக்கும்."

ராடெபெ தலையாட்டினார். 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும் முன் ஒருமுறை சன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் இருட்டிவிட்டது. பை கதவோரம் இருந்தது. பானையில் கொஞ்சம் சோளக்களி. அம்மா மூன்றாகப் பிரித்தாள். அவள் தனக்கு எடுத்தது தேடினால்தான் கண்ணில் பட்டது.

"நாளைக்குப் பெரியம்மா வீடா?" என்றாள் மகோசி.

அம்மா தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை நான் பேசணும். எனக்குத் தொண்டை கட்டிக்கும். அப்ப யாரு பாடுவா?"

பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள். உதறி, மகோசியின் தோளில் போட்டாள். பையில் மற்ற துணிகள் அப்படியே இருந்தன.

பிறகு பானையை மூடப் போனவள், பழக்கத்தில் கேட்டாள். "விட்டுப்போனது யாரு?"

"நான்!" என்றான் லுங்கெலோ. அவன் வாய் நிறையக் களி இருந்தது.

புகைபோக்கி நின்ற நாளிலிருந்து அம்மா சிரித்து மகோசி பார்க்கவில்லை. இருட்டில் இப்போதும் பார்க்க முடியவில்லை. ஆனால் நன்றாகக் கேட்டது.